நடுச்சுவரில் ஈரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வக்கீல் மனோகரதாஸ் சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். "தேதி போட்டு எழுதிட்டே வாங்க. கண்ணால பாத்தது மட்டும். கோவம், வருத்தமெல்லாம் வேணாம், கோர்ட்டுல அதுக்கு எடமில்ல" என்றார். முப்பத்து நாலு வருடம் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவை மட்டும் எழுதிப் பழகிய கை இது.

பொருள்: எங்கள் வீட்டு நடுச்சுவரில் ஈரம்.

வீடு அப்பா கட்டியது. பதினாலு வருடத்துக்கு முன் நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தோம். கிழக்குப் பாதியில் நான், தவசிலிங்கம். மேற்குப் பாதியில் அண்ணன் குருநாதன், ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். பிரிப்பதற்கு அளவெடுத்தவன் நான். சுவர் எழும்பிய அன்று அண்ணன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நாடா ஒன் கையில இருந்துச்சு, நீ சொன்னதுதான் அளவு." அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. இது ஈரத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம். வக்கீல் வேண்டுமானால் அடித்துவிடலாம்.

ஈரத்தின் அளவு: தரையிலிருந்து மூன்றடி உயரம், நான்கடி இரண்டு அங்குல நீளம். பெயிண்ட் உப்பி, தொட்டால் உதிர்கிறது. சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். என் மனைவி இந்திராணி, "செவத்துல ஏன் கிறுக்குறீங்க?" என்றாள். அது கிறுக்கல் இல்லை, எல்லை என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமும் இதே இடத்தில் ஈரம் என்று கேள்வி. அங்கே அது படுக்கையறை.

வக்கீல் முக்கியமாகச் சொன்னது: யார் முதலில் பிளம்பரைக் கூப்பிட்டுத் தரையை உடைக்கிறாரோ, கசிவு தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். "நீங்க கை வைக்காதீங்க. அவரு வைக்கட்டும்." அண்ணனுக்கும் ஒரு வக்கீல் உண்டு. அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். அதனால் இரண்டு பக்கமும் யாரும் கை வைக்கவில்லை. ஈரம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நகராட்சித் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை, காலை ஆறு முதல் எட்டு வரை. தொட்டி நிரம்பியது. வேறு விசேஷமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஈரம் கோட்டைத் தாண்டிவிட்டது. மேலே ஒன்றரை அங்குலம், பக்கவாட்டில் இரண்டு. புதுக் கோடு போட்டேன்.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மதினி இருமிக்கொண்டிருந்தது. மதினி என்றால் அண்ணன் மனைவி ராஜம்மாள். பத்து நிமிடத்துக்கு மேல் இருமல். நான் நேரம் பார்க்கவில்லை, கடிகாரம் எதிரில் இருந்தது.

இந்திராணி காப்பி வைக்கும்போது சொன்னாள்: "அந்த அறை பூராம் பூசணம் பிடிச்சுக் கெடக்காம். மதினிக்கு மூச்சுத் திணறுது. ரெண்டு நாளா நாற்காலியில ஒக்காந்தபடியேதான் தூங்குறாக." இவளுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் என் தரப்பு நிலை.

மதியம் சாப்பாட்டில் மோர் மிளகாய் இருந்தது. இந்திராணி மோர் மிளகாய் போடமாட்டாள். நல்ல பதம்.

ஆகஸ்ட் 6, புதன்

என் பக்கத்தைச் சோதித்தேன். மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை வீட்டில் ஒரு குழாயையும் திறக்கக்கூடாது என்று உத்தரவிட்டேன். இந்திராணி பக்கத்துக் கோயிலுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்கு மட்டம் அதே கோட்டில் நின்றது, ஒரு நூல் கூடக் குறையவில்லை. ஆகவே கசிவு என்னுடையது அல்ல.

வக்கீலுக்குப் போன் செய்தேன். "அருமை, எழுதி வைங்க" என்றார். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பிளம்பர் சிக்கந்தரை வரச் சொன்னேன். ஈரத்துக்காக அல்ல. மாடித் தொட்டியின் மிதவை வால்வைப் பார்ப்பதற்காக. மிதவை வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. வந்தவர் தற்செயலாக ஹாலைக் கடந்து போக நேர்ந்தது, தற்செயலாகச் சுவரைப் பார்த்தார்.

"சர்வேயர் சார், மெதவைய பாக்கவா, செவத்த பாக்கவா?"

"மிதவைதான். சுவர் கண்ணில் பட்டால் பாருங்கள், நான் சொல்லவில்லை."

சிக்கந்தருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு பாத்ரூமுக்குள் போய் ஃப்ளஷ் தொட்டியில் சொட்டு நீலம் ஊற்றினார். கழிவுக் குழாய் கசிந்தால் சுவரில் நீலம் தெரியும் என்றார்.

"நான் வந்தத யாருட்டயும் சொல்ல வேணாம்ல சார்?" என்று அவராகவே கேட்டார். விவரமான ஆள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தண்ணீர் வந்தது. சுவரில் நீலம் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மறுபடியும் ஏறியிருக்கிறது. மேலே ஒன்றே முக்கால். சுவரில் இப்போது மூன்று கோடுகள். இந்திராணி அவற்றின் மேல் காலண்டரை மாட்டப் பார்த்தாள். சாட்சியத்தை மறைக்கக்கூடாது என்று தடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சிக்கந்தர் பைப் ரெஞ்சைக் காணோம் என்று தேடி வந்தார். என் வீட்டில் இல்லை. கொஞ்சம் யோசித்தவர், "அப்ப மாஸ்டர் வீட்டுலதான் வச்சிட்டேன்" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விசாரித்தேன். ஒரு வாரமாக அந்தப் பக்கமும் போய்வருகிறார். அண்ணன் அவரைக் கூப்பிட்ட காரணம், சமையலறைக் குழாயில் வாஷர் மாற்ற. வாஷர் நன்றாகத்தான் இருந்ததாம். அண்ணனும் மாடித் தொட்டியில் கோடு போட்டுச் சோதித்திருக்கிறார். அங்கே ஃப்ளஷ் தொட்டியில் நீலத்துக்குப் பதில் மஞ்சள் தூள். சுவரில் மஞ்சளும் வரவில்லை.

"என்னைய மன்னிக்கணும் சார். மாஸ்டர்ட்ட ஆறு வருசம் கபடி படிச்சவன். அவரு கூப்பிட்டா போகாம இருக்க முடியாது."

மன்னித்தேன். ரெஞ்சை எடுக்க அவர் அந்தப் பக்கம் போனார்.

மாலையில் இந்திராணி வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்: "அவுக வீட்டப் பூட்டிட்டுக் கெளம்புறாகளாம். ஓசூர்ல மக வீட்டுக்கு. ஈரச் செவத்தோட இருந்தா மதினிக்கு ஆகாதுன்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாராம். இருபத்திரெண்டாந்தேதிக்கு லாரி சொல்லியாச்சு. அவுக பாதிய வித்துருவாக போல."

போகட்டும் என்றேன். அண்ணன் போனால் வழக்குச் சுலபமாக முடியும். இதை நான் சொன்னபோது இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சிக்கந்தர் வந்தார். இந்த முறை மிதவை வால்வு பற்றி யாரும் பேசவில்லை. பென்சில் கோடுகளின் பக்கத்தில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சார், இதப் பாருங்க. ஏறுனது எல்லாம் அஞ்சாந்தேதி, ஒம்பதாந்தேதி. நடுவுல ஒண்ணுமே ஏறல. நாலாந்தேதியும் எட்டாந்தேதியும் என்ன நாளு?"

"தண்ணீர் வரும் நாள்."

"அதான். ஒங்க டேங்கும் ஒழுகல, மாஸ்டர் டேங்கும் ஒழுகல. நகராட்சித் தண்ணி வர்றப்ப மட்டும் எங்கிட்டோ ஒழுகுது."

நான் கோடு போட்டேன், தேதி எழுதினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இதை எழுத எனக்கு இஷ்டமில்லை, ஆனால் கண்டதை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

நாளைக்குத் தண்ணீர் வரும் நாள். தெருவிலிருந்து வரும் வால்வை இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், மூடிய பிறகும் கசிந்தால் இரண்டு பேரும் காரணமில்லை என்றார். ஒரே நேரத்தில் என்பது எப்படி என்று கேட்டேன். பேசிக்கொள்ளாதவர்களுக்கு அது சிரமம்.

"அதுக்கு மாஸ்டர் ஒரு வழி சொல்லிட்டாரு" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஆறு பத்துக்கு அந்தப் பக்கம் விசில் ஊதியது. ஒரு நீண்ட விசில் என்றால் வால்வை மூடியாயிற்று. இரண்டு குட்டை என்றால் திறக்கலாம். பதிலுக்கு நான் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தட்டினேன். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

அந்த விசில் சத்தத்தைக் கேட்டு என் முதுகு தானாக நிமிர்ந்தது. நான் ஆறாம் வகுப்பு படிக்கையில் அண்ணன் பெரிய பள்ளிக்கூடத்தில் கபடி டீம் தலைவர். சாயங்காலம் மைதானத்தில் அவர் ஊதினால் நான் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும், சேர்ந்து வீட்டுக்குப் போக. இது ஈரத்துக்குச் சம்பந்தமில்லை.

சிக்கந்தர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். உள்ளே உஸ்ஸென்று ஒரு சத்தம், நிற்காமல்.

"ரெண்டு வால்வும் மூடியிருக்கு. ஆனா தண்ணி ஓடுது. சார், ஒங்களுக்கு ஒரு கொழா, மாஸ்டருக்கு ஒரு கொழா. இது ரெண்டும் இல்ல. மூணாவதா ஒண்ணு இருக்கு."

இரண்டு குட்டை விசில். தட்டில் தட்டினேன்.

போகும்போது சிக்கந்தர், "பிரிக்கிறப்ப போட்ட பிளான் எதுவும் இருக்கா சார்? அதுல பழைய கொழா தெரியும்" என்று கேட்டார். டிரங்குப் பெட்டியில் இருந்தது, கரையான் அரித்துவிட்டது என்றேன். இந்திராணி, "எந்தக் கரையான்? போன தையில நான்தான அந்தப் பெட்டியத் தொடச்சேன்" என்றாள். சில நேரம் இவளுக்கு எந்த இடத்தில் பேசுவது என்று தெரிவதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மூன்றாவது குழாய் அப்பா போட்டது. தெருவுக்கு நகராட்சி இணைப்பு வந்த வருடம், வாசலிலிருந்து கொல்லை வரை தரைக்கடியில் ஓர் இரும்புக் குழாய். வீட்டின் சரிநடுவில் போட்டார். "எப்படியும் நீங்க ரெண்டு பேரும் ஒருநாள் பிரிப்பீங்க. நடுவுல போட்டா யாரும் குத்தம் சொல்ல முடியாது" என்று எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பாவுக்கு அளவுநாடா பிடிக்கத் தெரியாது. மேற்குச் சுவரின் வெளிமுனையிலிருந்து கிழக்குச் சுவரின் வெளிமுனை வரை ஒரு சணல் கயிறு பிடித்து, அதை இரண்டாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் முளை அடித்தார்.

பிரித்தபோது ஆளுக்கொரு புது இணைப்பு வாங்கிக்கொண்டோம். பழைய குழாயைப் பற்றிப் பாகப்பத்திரத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "இரு தரப்பாரும் சேர்ந்து நின்று அடைத்துவிட வேண்டியது." சேர்ந்து நிற்பது நடக்கவில்லை. அப்போதைய பிளம்பர் கொல்லையில் அதன் வாயில் தற்காலிகமாக ஒரு மர ஆப்பை அடித்துவிட்டுப் போனார். தெருப்பக்க முனையை அடைக்கவே இல்லை. பதினாலு வருடமாக நான்கு நாளைக்கு ஒருமுறை அதில் தண்ணீர் வந்து நின்று, இரும்பைத் தின்றிருக்கிறது.

இதைச் சிக்கந்தரிடம் சொன்னேன். அவர் நடுச்சுவரைப் பார்த்தார்.

"அப்ப செவத்துக்கு நேரா அடியில போகுது. செவரு வீட்டுக்கு நடுவுலதான இருக்கு?"

ஆமாம் என்றேன்.

"அப்ப செவத்த ஒடைக்கணும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் முடியும்."

வக்கீலுக்குப் போன் செய்தேன். சுவரை உடைக்கக் கூடாது என்றார். இன்னும் ஒன்பது நாள் பொறுங்கள், எதிர்த்தரப்பு காலி செய்யட்டும் என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டிரங்குப் பெட்டியைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். வருடா வருடம் அண்ணன் காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட் போட்டு, பழைய பள்ளிக்கூடத்துக்கு அணிவகுப்பு நடத்தப் போவார். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிடுகிறார்கள். வாசலில் ஒரு தடவை விசிலை ஊதிச் சோதித்துவிட்டுத்தான் கிளம்புவார். இன்று விசில் கேட்கவில்லை.

ஏழே காலுக்கு ஆட்டோ வந்தது. அண்ணன் மதினியைத் தோளில் சாய்த்து நடத்திக் கூட்டிவந்தார். மதினிக்கு உதடு வெளுத்திருந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் என் கேட் வரை கேட்டது. அண்ணன் லுங்கியில் இருந்தார். ஆகஸ்ட் பதினைந்து அன்று அவரை லுங்கியில் நான் பார்த்ததில்லை.

நான் அப்போது வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமாக வாசல் பெருக்குவது இந்திராணி. அவள் ஓடிப்போய் மதினிக்குப் பக்கத்தில் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. அண்ணன் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். துடைப்பத்தோடு நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். நான் குனிந்து குப்பையைப் பார்த்தேன்.

மதியம் திரும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மருந்துப் புகை வைத்து அனுப்பினார்களாம். அந்த அறைக்குள் மறுபடி போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மதினியை முன்னறையில் படுக்க வைத்திருக்கிறார்கள், வாசல் வெயில் நேராக அடிக்கும் இடம்.

சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வக்கீல் இந்த வரியை அடித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

தண்ணீர் வரும் நாள். இந்திராணி தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஹாலில் குப்புறப் படுத்தேன். சுவரடியில் வைத்துக் கேட்டேன். உஸ். கொஞ்சம் என் பக்கமாகத் தள்ளித் தரையில் வைத்தேன். சத்தம் கூடியது. சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, என் ஹாலின் தரையில், சத்தம் காதைக் குத்தியது.

சுவருக்கடியில் இல்லை. என் தரைக்கடியில் இருக்கிறது.

எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கரையான் இல்லை. அளவுக் குறிப்பேடு மேலேயே இருந்தது. வீட்டை அளந்த பக்கத்தில் என் கையெழுத்தில், ஓரமாக, வட்டம் போட்டு: +9.

விவரம் எழுதுகிறேன். பிரிப்பதற்காக அளந்த அன்று, மேற்கே சுவரின் வெளிமுனையில் நாடாவை வைத்தேன். கிழக்கே வெளிமுனைக்குப் போக முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பு நாய், கட்டாத நாய். அதனால் கிழக்கே சுவரின் உள்பக்கத்தோடு நிறுத்தி, சுவரின் கனம் ஒன்பது அங்குலத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று ஓரத்தில் குறித்தேன். கூட்டவில்லை. மொத்த அகலத்தில் ஒன்பது அங்குலம் விட்டுப்போய், பாதி போட்டபோது நடுக்கோடு நாலரை அங்குலம் மேற்கே, அண்ணன் பக்கம் நகர்ந்து விழுந்தது. அந்தக் கோட்டில்தான் சுவர் நிற்கிறது. எழுதப்படிக்கத் தெரியாத அப்பாவின் கயிறு சரியாக மடிந்திருக்கிறது.

அண்ணன் சொன்னது சரி. நாடா என் கையில் இருந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை நான் இன்று கண்டுபிடிக்கவில்லை. சுவர் எழும்பி இருபதாம் நாள் இந்தப் பக்கத்தைப் புரட்டினேன், வட்டத்தைப் பார்த்தேன், பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தப்பு வேண்டுமென்று நடந்ததல்ல. சொல்லாமல் இருந்தது வேண்டுமென்று செய்தது. தாலுகாவில் பாதிப் பேர் நிலத்தை அளந்தவன், எல்லைத் தகராறு என்றால் எல்லோரும் கூப்பிடுகிற ஆள், அவன் சொந்த அண்ணனுக்கே தப்பாக அளந்தான் என்று டீக்கடையில் பேசுவார்கள். அதற்குப் பயந்தேன். அண்ணன் என்னைச் சந்தேகப்பட்டார் என்று சொல்லி பதினாலு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை என்று தெரிந்துகொண்டே.

அந்தக் குழாய் கண்ணுக்குத் தெரிந்தால் எல்லாம் தெரிந்துபோகும். அதனால்தான் தரையில் கை வைக்க வேண்டாம் என்று வக்கீல் தடுத்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை ஒன்பது மணிக்குச் சிக்கந்தர் உளியும் சம்மட்டியும் கொண்டுவந்தார். தெருமுனையில் ஆள் வைத்து இணைப்பை நிறுத்தியிருந்தார். உடைக்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் காட்டினேன்.

"சார், செவருன்னு சொன்னீங்க. இது ஒங்க தரை."

"உடையுங்கள்."

முதல் அடி விழுந்ததும் அந்தப் பக்கம் அமைதி. மூன்றாவது அடிக்கு அண்ணன் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டார், நிலையைத் தாண்டவில்லை. பதினாலு வருடத்தில் ஆள் இளைத்திருக்கிறார். பக்கத்தில் பார்த்தால்தான் தெரிகிறது.

ஓர் அடி ஆழத்தில் குழாய் தெரிந்தது. துருப்பிடித்து, பக்கவாட்டில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை சுவரைப் பார்த்து இருந்தது.

"யாரு வீட்டுக் கொழாடா அது?" அண்ணன் கேட்டார். சிக்கந்தரிடம் அல்ல.

"அப்பா கொழாண்ணே."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மண் தூசி நிறைய.

"பத்திரத்துல சேந்து நின்னு அடைக்கணும்னுல்ல எழுதியிருக்கு" என்றார் அண்ணன். உள்ளே வந்தார்.

சிக்கந்தர் குழாயை அறுத்து இரண்டு வாயிலும் மூடி முறுக்கினார். கொல்லையில் மர ஆப்பை எடுத்துவிட்டு மூடி போட்டார், தெருப்பக்க முனையையும் அடைத்தார். மூன்று இடத்திலும் நானும் அண்ணனும் பக்கத்தில் நின்றோம். ஷரத்து நிறைவேறியது. பிறகு அண்ணன் ஹாலுக்கு வந்து பள்ளத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுவரின் நடுவிலிருந்து குழாயின் நடு வரை நாலரை அங்குலம் இருக்கும். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், சுவர் நடுவில் இல்லை என்று. அண்ணன் வாசலுக்கு நடந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். சிக்கந்தர், "மூடிரவா சார்?" என்று குறுக்கே கேட்டார். வேண்டாம், பள்ளம் திறந்தே இருக்கட்டும் என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சுவர் காய ஒரு மாதம் ஆகும் என்றார் சிக்கந்தர். லாரி இன்னும் நான்கு நாளில்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வக்கீல் போன் செய்தார். இந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். சாட்சி எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் போய்விட்டது என்றேன். எந்தச் சாட்சி என்றார். நான்தான் என்றேன். வேறொரு போன் வருகிறது என்று வைத்துவிட்டார்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதியது இருக்கிறது. இந்தக் குறிப்பேட்டை அண்ணனிடம் சேர்க்க வேண்டும் என்று இந்திராணியிடம் கொடுக்கப் போகிறேன். எப்படிச் சேர்ப்பாய் என்று கேட்கமாட்டேன். கொல்லைச் சுவரில் துணி துவைக்கும் கல்லுக்கு மேலே ஒரு செங்கல் பதினாலு வருடமாக ஆடுகிறது. ஒரு கிண்ணம் போக வர அந்த இடைவெளி போதும். மோர் மிளகாய், ஊறுகாய், ஆடி மாதக் கொழுக்கட்டை எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன. நான் சர்வேயர். சுவரில் ஓட்டை இருந்தால் எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 20, புதன்

இந்தப் பக்கம் எழுதுவது குருநாதன்.

இன்று நகராட்சித் தண்ணீர் வந்தது. எங்கள் பக்கம் ஈரம் ஏறவில்லை. நானும் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறேன், சிவப்பு மையில்.

முழுக்கப் படித்தேன். ஒரு இடத்தில் தப்பு. நாலரை இல்லை. நாலே கால்.

சுவர் எழும்பிய வாரமே அளந்துவிட்டேன். பள்ளிக்கூடத்து நீளந்தாண்டுதல் நாடா என்னிடம்தான் இருக்கிறது. கறுப்பு நாய்க்கு இரண்டு பொறை ரொட்டி வாங்கிப் போட்டேன், வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்தது. நான் புகார் எழுதினால் உன் வேலைக்குக் கெட்ட பேர் வரும். அதனால் எழுதவில்லை. நாலே கால் அங்குலத்துக்காக நான் பேசாமல் இருக்கவில்லை தவசி. நீயாக வந்து சொல்வாய் என்று பார்த்தேன். வரவில்லை. பிறகு எனக்கும் வீம்பு வந்துவிட்டது.

உன் மதினி முன்னறையில் வெயிலில் உட்கார்ந்து இதை வாங்கிப் படித்தாள். வெங்காயம் என்று எழுதிய இடத்தில் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது, ஆனால் நின்றுவிட்டது.

லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவர் காயும் வரை அவள் முன்னறையில் இருக்கட்டும்.

பள்ளத்தை மூடாதே.

ஆகஸ்ட் 21, வியாழன்

குறிப்பேடு செங்கல் வழியாகத் திரும்பி வந்தது. அட்டையில் ஊறுகாய் எண்ணெய்.

18-ஆம் தேதி நான் நாடா வைத்து அளக்கவில்லை. ஒன்பதைப் பாதியாக்கி நாலரை என்று எழுதிவிட்டேன். அழுதேன். இந்திராணி பார்த்தாள். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு நீண்ட விசில். அண்ணன் நீளந்தாண்டுதல் நாடாவோடு நின்றார். உள்ளே வந்து பள்ளத்துப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாடாவின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, பிடி. ஆட்டாம பிடி."

இடம்: நடுச்சுவரின் நடு முதல் பழைய குழாயின் நடு வரை.

அளவு: நாலே கால் அங்குலம்.

அளந்தவர்கள்: கு. குருநாதன், கு. தவசிலிங்கம்.